காலையில் மட்டும் கார் ஏன் வழுக்குகிறது?

ஹில்டனில் குடியிருக்கும் ஒரு அக்கா போன ஜூலையில் அனுப்பிய கேள்வி இது. "தம்பி, இரண்டாம் கையாக ஒரு மின்சாரக் கார் வாங்கி மூன்று மாதம் ஆகிறது. சாயங்காலம் ஊருக்குள் ஓட்டும்போது ஆக்சிலரேட்டரை விட்டதும் யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல் வேகம் குறைகிறது. காலையில் டவுன் ஹில் இறக்கத்தில் அதே மாதிரி விட்டால் வண்டி தன் பாட்டுக்கு ஓடுகிறது. பிரேக்கை மிதித்தால்தான் அடங்குகிறது. கொண்டுபோய்க் காட்டினேன். கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்தார்கள், குறை ஒன்றும் இல்லை என்றார்கள், 900 ராண்ட் வாங்கிக்கொண்டார்கள். வண்டிக்கு ஒழுங்காகப் பூஜை போடவில்லை என்கிறார் மாமியார். எது சரி?"

பணிமனைக்காரர்கள் சொன்னது சரிதான். ஏன் என்று இரண்டு வரி சேர்த்துச் சொல்லியிருக்கலாம். 900 ராண்டுக்கு அதுகூட இல்லையா?

இந்தப் பக்கம் வராதவர்களுக்காக: தென்னாப்பிரிக்காவில் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்கு இறங்கும் என்3 நெடுஞ்சாலையில், பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்குச் சற்று முன்னால் மேட்டில் இருப்பது ஹில்டன். அங்கிருந்து நகரத்துக்கு ஏறத்தாழ 10 கிலோமீட்டர். அதற்குள் சாலை ஏறக்குறைய 500 மீட்டர் கீழே இறங்கிவிடும். அதுதான் டவுன் ஹில். லாரிகள் முதல் கியரிலோ இரண்டாம் கியரிலோ முனகிக்கொண்டு இறங்கும். பிரேக் கட்டை கருகும் நாற்றம் கண்ணாடியை ஏற்றியிருந்தாலும் உள்ளே வந்துவிடும்.

மின்சாரக் கார் இந்த இறக்கத்தில் என்ன செய்கிறது என்பது பள்ளிக்கூடப் பாடம்தான். மோட்டாருக்கு மின்சாரம் கொடுத்தால் சுழலும். சுழற்றிவிட்டால் அது மின்சாரம் தரும். ஆக்சிலரேட்டரை விட்டதும் சக்கரம் மோட்டாரைச் சுழற்றுகிறது, மோட்டார் ஜெனரேட்டர் ஆகிறது, பிறக்கிற மின்சாரம் பேட்டரிக்குத் திரும்புகிறது. அந்த மின்சாரம் தன்னைப் பிறப்பித்த சுழற்சியையே எதிர்க்கும். லென்ஸ் விதி என்பது இதுதான். அக்காவைப் பின்னாலிருந்து பிடித்து இழுப்பது அந்த எதிர்ப்புதான்.

இதில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. பிறக்கும் மின்சாரம் போய்ச் சேர ஓர் இடம் வேண்டும். இடம் இல்லையென்றால் மின்னோட்டம் இல்லை. மின்னோட்டம் இல்லையென்றால் இழுப்பும் இல்லை. அக்காவிடம் நான் திருப்பிக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: ராத்திரி எவ்வளவு வரைக்கும் சார்ஜ் போடுகிறீர்கள்? "100 சதவீதம்தான், வேறென்ன? லோட் ஷெடிங் காலத்துப் பழக்கம், கரண்ட் இருக்கும்போதே நிரப்பி வைத்துவிடுவேன்." அவரைக் குறை சொல்ல முடியாது. 2023-ல் நாம் எல்லோரும் போனையும் டார்ச்சையும் அப்படித்தான் நிரப்பி வைத்தோம்.

"ராத்திரி பூரா மின்சாரத்தை வாங்கிக்கொண்ட பேட்டரி, காலையில் இன்னும் கொஞ்சம் வாங்கினால் என்ன?" என்று அடுத்துக் கேட்டார். எனக்குப் பிடித்த இடம் இதுதான். கொஞ்சம் பொறுமையாகப் போகலாம்.

லித்தியம் பேட்டரிக்குள் சார்ஜ் ஏறுவது என்றால், லித்தியம் அயனிகள் ஒரு பக்கத்திலிருந்து கிளம்பி மறுபக்கத்தில் இருக்கும் கிராஃபைட்டுக்குள் புகுவது. பென்சில் முனையில் இருக்கிறதே, அதே கிராஃபைட். அது தாள் கட்டு மாதிரி. கரி அணுக்கள் அறுகோணம் அறுகோணமாகக் கோத்த தாள்கள், ஒன்றன்மேல் ஒன்று. தாள்களுக்கு நடுவில் லித்தியம் போய் உட்காருகிறது. ஆறு கரி அணுக்களுக்கு ஒரு லித்தியம், அவ்வளவுதான் இடம். ஒன்று புகும்போது தாள்கள் இம்மியளவு விலகிக் கொடுக்கின்றன, வெளியேறும்போது மறுபடி நெருங்குகின்றன. ஒவ்வொரு இரவும் உங்கள் காருக்கு அடியில் அந்தக் கட்டு முழுக்கக் கொஞ்சம் உப்புகிறது, ஒவ்வொரு பகலும் கொஞ்சம் ஒடுங்குகிறது. சத்தமே இல்லாமல் மூச்சு விடுகிற மாதிரி. இதை முதன்முதலில் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

மாரிட்ஸ்பர்க் மாரியம்மன் கோயிலில் புனித வெள்ளியன்று பூமிதி நடக்கும்போது சாப்பாட்டுப் பந்தியைப் பார்த்திருப்பீர்கள். கூடம் காலியாக இருக்கும்போது எத்தனை பேர் வந்தாலும் சிக்கல் இல்லை, கண்ணில் பட்ட இலையில் உட்காருவார்கள். முக்கால்வாசி நிறைந்த பிறகு வருகிறவர் வரிசை வரிசையாகத் தேடிப்போக வேண்டும். கடைசிச் சில இலைகளை நிரப்ப நேரம் பிடிக்கும். அந்த நேரத்தில் ஒருவர் ஒருவராக வந்தால் சமாளிக்கலாம்; டர்பனிலிருந்து இரண்டு பஸ் நிறைய ஆட்கள் வந்து இறங்கினால் வாசலிலேயே நின்றுவிடுவார்கள்.

கிராஃபைட்டின் வாசலில் நின்றுவிடும் லித்தியம் அங்கேயே எலக்ட்ரானை வாங்கிக்கொண்டு உலோகமாகப் படிந்துவிடுகிறது. படிந்ததில் ஒரு பகுதி திரும்பக் கரைந்து வேலைக்கு வராது. அந்த அளவுக்குப் பேட்டரியின் கொள்ளளவு நிரந்தரமாகப் போயிற்று. படிவு ஊசி ஊசியாக வளர்ந்து மறுபக்கத்தைத் தொட்டால் உள்ளுக்குள்ளேயே ஷார்ட் சர்க்யூட், அப்புறம் தீ. போதாததற்கு, நிறைந்த செல்லில் மின்னழுத்தம் ஏற்கெனவே உச்ச வரம்பை ஒட்டி நிற்கிறது. பல வகை செல்களில் அது 4.2 வோல்ட். அந்த நிலையில் வேகமாக மின்சாரத்தைத் திணித்தால் வரம்பு தாண்டும்.

இப்போது ராத்திரிக்கும் காலைக்கும் கணக்குப் பாருங்கள். அக்கா வீட்டுச் சாதாரண பிளக் கொடுப்பது 2 கிலோவாட் சொச்சம். அதுவும் கடைசியில் கார் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்; ஒருவர் ஒருவராக வருகிற பந்தி. டவுன் ஹில்லில் 80 கிலோமீட்டர் வேகத்தில் 2 டன் எடையோடு இறங்கும்போது மோட்டார் தரக்கூடியது சராசரி 10 கிலோவாட், செங்குத்தான இடத்தில் 15. முன்னால் லாரி திடீரென்று வேகம் குறைத்து நாமும் குறைத்தால் ஒரு சில நொடிக்கு 50-ஐயும் தாண்டும். அதுதான் இரண்டு பஸ். வண்டிக்குள் இருக்கும் கட்டுப்பாட்டுக் கணினி கதவைச் சாத்திவிடுகிறது. அக்கா ஆக்சிலரேட்டரை விடுகிறார், மோட்டார் சும்மா சுழல்கிறது, கார் வழுக்குகிறது.

குளிரும் இதில் கூட்டு. நமக்கு ஆடி மாதம்தான் நடுங்கும் குளிர். ஹில்டனில் விடியற்காலைப் புல்லில் உறைபனி படிந்திருக்கும். குளிர்ந்த கிராஃபைட்டுக்குள் லித்தியம் நகர்வது மந்தமாகிறது. இலை காலியாகத்தான் இருக்கிறது, ஆனால் எல்லோரும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நத்தையாக நடக்கிறார்கள். வாசலில் கூட்டம் சேராமல் என்ன செய்யும்? அதனால் 70 சதவீதத்தில் இருந்தாலும் குளிர்ந்த பேட்டரி இழுப்பைக் குறைத்துக்கொள்ளும். சாயங்காலம் நகரத்தில் ஓட்டும்போது பேட்டரி ஓடிச் சூடேறியும் இருக்கிறது, பாதி காலியாகவும் இருக்கிறது. இழுப்பு திரும்பி வந்துவிடுகிறது.

அக்காவுக்கு நான் சொன்னது: சார்ஜ் வரம்பை 85-ல் வையுங்கள். டவுன் ஹில் திருப்பித் தரப்போவது ஒரு யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல்; 60 யூனிட் பேட்டரியில் அது 2 சதவீதம். இடத்துக்கு 98 போதும், ஆனால் வேகமாக வாங்கிக்கொள்ள இன்னும் காலியிடம் வேண்டும். சார்ஜ் தொடங்கும் நேரத்தை நடு இரவுக்கு மேல் தள்ளி, கிளம்புவதற்குச் சற்று முன்னால் முடிகிற மாதிரி அமைத்தால் பேட்டரி கொஞ்சம் வெதுவெதுப்பாகவும் இருக்கும். உங்கள் கார் இரும்பு-பாஸ்பேட் வகைப் பேட்டரி என்றால் ஒரு விஷயம்: அவ்வப்போது முழுக்க நிரப்பச் சொல்வார்கள், மீதி எவ்வளவு என்று கணினி சரியாகக் கணிக்க அது தேவை. அதை மறுநாள் காலையில் இறக்கம் இறங்காத சனிக்கிழமை இரவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பணக்கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். யூனிட் 3 ராண்ட், பெட்ரோல் லிட்டர் 21 ராண்ட் என்று வைத்துக்கொண்டால், 100 கிலோமீட்டருக்கு மின்சாரக் கார் 18 யூனிட், 54 ராண்ட். பெட்ரோல் கார் 7 லிட்டர், 147 ராண்ட். சாலையோர வேகச் சார்ஜரில் போட்டால் வீட்டு விலையைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் ஆகும், லாபம் பாதிக்கு மேல் கரைந்துவிடும். பிரேக் கட்டை பல வருஷம் வரும். மோட்டாரே நிறுத்துவதால் அதற்கு வேலை குறைவு. டர்பன் கடற்கரைப் பக்கம் இருப்பவர்களுக்கு பிரேக் வட்டில் துரு பிடிக்கும், வாரத்துக்கு இரண்டு முறையாவது நன்றாக மிதியுங்கள். டயர் சீக்கிரம் தேயும், வண்டி கனம். வாங்குகிற விலைதான் இடிக்கிறது. ஐரோப்பாவிலிருந்து வரும் பெட்ரோல் காருக்கு 18 சதவீத இறக்குமதி வரி, மின்சாரக் காருக்கு 25. இந்தத் தலைகீழ்க் கணக்கு எனக்கு இன்றுவரை புரியவில்லை.

புரியாத இன்னொன்றும் உண்டு. நிசான் லீஃப் முதலில் வந்தபோது அதன் பேட்டரியில் இருந்தது மாங்கனீஸ் ஸ்பினல் என்ற பொருள். அதில் லித்தியம் புகுந்து வெளியேற முடியும் என்று 1980-களின் தொடக்கத்தில் ஆக்ஸ்ஃபோர்டில் காட்டியவர் மைக்கேல் தாக்கரே, பிரிட்டோரியாவின் சி.எஸ்.ஐ.ஆர். என்ற அரசு ஆய்வகத்திலிருந்து போனவர். மாங்கனீஸும் நம் கலஹாரியில் கொட்டிக் கிடக்கிறது. ஆளும் நம்மாள், மண்ணும் நம் மண். 90-களில் அவர் அமெரிக்காவுக்குப் போய்விட்டார். கேப் டவுனில் உருவாகி 2008-ல் பாரிஸ் கார் கண்காட்சிக்குப் போன ஜூல் மின்சாரக் கார், பணம் கிடைக்காமல் 2012-ல் படுத்துவிட்டது. ஆராய்ச்சிக்குக் கொடுக்கும் காசை உடனே பலன் தராத செலவு என்று வெட்டுகிறவர்கள், இன்று நாம் வெளிநாட்டுப் பேட்டரிக்குக் கட்டும் வரியையும் சேர்த்து எண்ணிப் பார்க்கட்டும்.

மாமியார் விஷயம். டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்பதை நான் எதிர்க்கவில்லை. என் கார் வந்த அன்று அம்மா நான்கு சக்கரத்துக்கும் வைத்தார், நசுங்கிய வாசனை நன்றாகவே இருந்தது. ஆனால் இடி இடிக்கும்போது மின்சாரக் கார் மின்னலை இழுக்கும் என்று குடும்ப வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அதை எதிர்க்கிறேன். எந்தக் காரானாலும் உலோகக் கூடு மின்னலைத் தன்மேல் ஓடவிட்டு உள்ளே இருப்பவரைக் காக்கும். ஹில்டன் கோடை மழையில் மரத்தடியில் நிற்பதைவிட அந்தக் காருக்குள் இருப்பது எவ்வளவோ மேல்.

ஒரு வாரம் கழித்து அக்கா மறுபடி எழுதினார். வரம்பை 85-ல் வைத்ததிலிருந்து காலையிலும் இழுக்கிறதாம், குளிர் கடுமையான நாளில் மட்டும் கொஞ்சம் குறைவாக. கூடவே புதுக் கவலை: சாயங்காலம் மேடு ஏறும்போது திரையில் 100 கிலோமீட்டருக்கு 44 யூனிட் என்று காட்டுகிறதே, பேட்டரி கெட்டுவிட்டதா?

கெடவில்லை, அக்கா. 2 டன் எடையை 500 மீட்டர் தூக்க 2.7 யூனிட், காற்றையும் சாலையையும் வெல்ல 1.2, இழப்பையும் சேர்த்தால் அந்த 10 கிலோமீட்டருக்கு 4.4. காலையில் இறங்கும்போது செலவே இல்லாமல் 1.2 திரும்பக் கிடைத்தது. கழித்தால் போக வர 20 கிலோமீட்டருக்கு 3.2 யூனிட், அதாவது 100-க்கு 16. மேடே இல்லாத டர்பன் கடற்கரைச் சாலையில் ஓட்டுகிற உங்கள் தங்கச்சியின் காரைக் கேட்டுப் பாருங்கள், கிட்டத்தட்ட அதே எண்ணைத்தான் சொல்லும்.