செயற்கை மூட்டை எத்தனை துண்டாகப் பிரிக்கலாம்?

இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சையில் உள்ளே வைப்பது ஒரே பொருள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது நான்கு துண்டு: தொடை எலும்பின் குழாய்க்குள் இறங்கும் தண்டு, தண்டின் கழுத்தில் உட்காரும் பந்து, இடுப்பெலும்பில் பதியும் உலோகக் கிண்ணம், அதற்குள் பொருந்தும் பாலிஎதிலீன் அல்லது செராமிக் உறை. 1962-ல் இங்கிலாந்தில் அறுவை மருத்துவர் ஜான் சார்ன்லி நிலைநிறுத்திய மூட்டில் தண்டும் பந்தும் ஒரே வார்ப்பு. அது நன்றாகத்தான் வேலை செய்தது. அப்புறம் ஏன் பிரித்தார்கள்?

தண்டின் அளவைத் தீர்மானிப்பது எலும்புக் குழாயின் அகலம். பந்து எங்கே நிற்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதோ கால் நீளமும் தசைகளின் இழுவையும். இந்த இரண்டும் ஒன்றாகக் கூடிக் குறைவதில்லை. அகலமான குழாய் உள்ளவருக்குக் கழுத்து குட்டையாக இருக்கலாம். பத்து அளவுத் தண்டு, ஐந்து கழுத்து நீளம், மூன்று பந்து அளவு என்று வைத்துக்கொண்டால், ஒரே துண்டாகச் செய்ய 150 வகை வேண்டும். பிரித்துவிட்டால் 10 தண்டும் 15 பந்தும் போதும். இன்னொன்று, சரியான நீளம் எது என்பது மூட்டை உள்ளே வைத்து அசைத்துப் பார்க்கும்போதுதான் முழுதாகத் தெரியும். அதனால் முதலில் ஒத்திகைப் பந்துகளை மாட்டிப் பார்க்கிறார்கள். தளர்வாக இருந்தால் கழுத்து நீளம் கூடிய பந்தை மாட்டுகிறார்கள், இறுக்கமாக இருந்தால் நீளம் குறைந்ததை. மனதுக்குத் திருப்தியானதும் நிஜப் பந்து.

நீளத்தை மாற்றும் வழி கெட்டிக்காரத்தனமானது. கழுத்தைத் தொடுவதே இல்லை. பந்துக்குள் இருக்கும் துளையின் ஆழத்தை மாற்றுகிறார்கள்: துளை ஆழமானால் பந்து கீழே இறங்கி உட்காரும், கழுத்து குட்டையாகும், ஆழம் குறைந்தால் பந்து வெளியே தள்ளி நிற்கும். கழுத்து சாய்வாக இருப்பதால், பந்து தள்ளிப் போகும்போது கால் நீளத்தோடு, பந்தின் மையத்துக்கும் தண்டின் அச்சுக்கும் உள்ள தூரமும் கூடுகிறது. அந்தத் தூரம்தான் இடுப்பின் பக்கவாட்டுத் தசைகளுக்கு நெம்புகோல். அது குறைந்தால் ஒற்றைக் காலில் நிற்கும்போது இடுப்பைச் சாயாமல் பிடிக்க அந்தத் தசைகள் கூடுதலாக இழுக்க வேண்டும். சாதாரண நடையிலேயே மூட்டின் மேல் உடல் எடையைப்போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு விசை விழுகிறது. உள்ளே உணரி வைத்த மூட்டுகளைப் பொருத்தி அளந்த கணக்கு இது.

பந்தைக் கழுத்தில் பிடித்து வைப்பது திருகும் இல்லை, பசையும் இல்லை. வெறும் கூம்புதான். 1860-களில் ஸ்டீபன் மோர்ஸ் துளைக்கருவிகளுக்காகச் செய்த அதே ஏற்பாடு. சரிவு மிகக் குறைவு என்பதால், ஒரு முறை அடித்து இறக்கினால் உராய்வே பிடித்துக்கொள்ளும், பாரம் ஏற ஏற இன்னும் இறுகும். ஆனால் மேற்பரப்பில் துளி ரத்தமோ கொழுப்போ இருந்தால் பிடிப்பு குறைந்துவிடும், அதனால் துடைத்து உலர்த்திவிட்டு, நேராக, ஓங்கி அடிக்கிறார்கள். பரவலாகப் புழங்கும் அளவுக்கு 12/14 என்று பெயர். பெயர் ஒன்றாக இருந்தாலும் ஒரு நிறுவனத்தின் கூம்பும் இன்னொன்றின் துளையும் கோணத்தில் நுணுக்கமாக வேறுபடலாம், ஆகவே கலந்து மாட்டக் கூடாது.

சரி, இவ்வளவு வசதி என்றால் கழுத்தையும் தனித் துண்டாக்கலாமே, கோணத்தைக்கூட மாற்றிக்கொள்ளலாமே? செய்தார்கள். காகிதத்தில் அழகான யோசனைதான். ஆனால் ஒவ்வொரு இணைப்பும் நுண்ணிய அளவில் அசையும் இடம். ஒவ்வொரு அடி வைக்கும்போதும் சில மைக்ரோமீட்டர் உரசல். உலோகத்தைக் காக்கும் மெல்லிய ஆக்சைடு படலம் கிழியும், திரும்ப உருவாகும், திரும்பக் கிழியும். இடுக்கில் தேங்கிய திரவத்தில் ஆக்சிஜன் குறைந்து அமிலத்தன்மை ஏறும், அரிப்பு தொடங்கும். கோபால்ட், குரோமியம் அயனிகள் சுற்றியுள்ள திசுவில் கலந்து அதைப் பாழாக்கும். பந்துக்கு அருகில் உள்ள இணைப்பைவிடத் தண்டுக்குப் பக்கத்தில் உள்ள இரண்டாவது இணைப்பு மோசமானதற்குக் காரணம் எளிமையானது: அது பந்திலிருந்து தள்ளி இருக்கிறது, அதனால் வளைக்கும் திருப்புவிசை அங்கே அதிகம். 2012-ல் ஸ்ட்ரைக்கர் நிறுவனம் ரெஜுவினேட், ஏபிஜி 2 என்ற கழுத்து மாற்றும் தண்டுகளைத் திரும்பப் பெற்றது இந்த அரிப்பால்தான். என் பார்வையில், துண்டுகளாகப் பிரித்துச் சேர்க்கும் அடுத்த எந்த மாடுலர் வடிவமைப்பையும் எடைபோட இந்தக் கதை ஒன்று போதும்.

இத்தனையும் நிற்பது எலும்பில் பதிந்த பகுதியின் மேல். சிமெண்ட் போடாத தண்டு என்றால், எலும்பே வளர்ந்து உலோகத்தைப் பிடிக்க வேண்டும். டைட்டானியத்தோடு எலும்பு நேரடியாக ஒட்டிக்கொள்வதை ஸ்வீடனின் பெர்-இங்வார் ப்ரோனமார்க் 1950-களில் கண்டார். ஆனால் முதல் வாரங்களில் தண்டு ஏறக்குறைய 150 மைக்ரோமீட்டருக்கு மேல் அசைந்தால் எலும்புக்குப் பதில் நார்த்திசுதான் வளரும், பிடிப்பு போய்விடும். அதனால் தண்டைக் குழாயைவிடச் சற்றுப் பெரிதாக எடுத்து இறுக்கி அடிக்கிறார்கள், மேற்பரப்பில் எலும்பு நுழைய நுண்துளைகளும் வைக்கிறார்கள். இன்னொரு சிக்கல் விறைப்பு. எலும்பின் கெட்டியான புறப்பகுதி ஏறத்தாழ 20 கிகாபாஸ்கல் (விறைப்பை அளக்கும் அலகு) என்றால் டைட்டானியக் கலவை 110, கோபால்ட் குரோமியம் 200-க்கு மேல். விறைப்பான தண்டு பாரத்தைத் தானே சுமந்துவிட்டால், வேலையில்லாத எலும்பு கரைய ஆரம்பிக்கும்.

குழந்தைகளுக்கு வரும்போது கணக்கே மாறுகிறது. எலும்புப் புற்றுநோய் அதிகம் வருவது முழங்கால் பக்கத்தில், தொடை எலும்பின் வளர்ச்சியில் சுமார் 70 சதவீதம் நடப்பதும் அதன் கீழ்முனையில். அந்தப் பகுதியை வெட்டி எடுத்துவிட்டால் மற்றக் கால் மட்டும் வளரும். அதற்காக வந்ததுதான் வெளியிலிருந்தே நீட்டக்கூடிய செயற்கை மூட்டு. உள்ளே ஒரு காந்தம், அதோடு பல்சக்கரப் பெட்டி, ஒரு திருகு. காலைச் சுற்றி வெளியே ஒரு மின்சுருளை வைத்து மின்சாரம் செலுத்தினால் சுழலும் காந்தப்புலம் உண்டாகும், உள்ளே காந்தமும் சேர்ந்து சுழலும். சுழற்சியைப் பல்சக்கரங்கள் ஆயிரக்கணக்கான மடங்கு குறைத்துத் திருகுக்குத் தருவதால், நிமிடத்துக்குக் கால் மில்லிமீட்டருக்கும் குறைவாகத்தான் நீளும். கத்தியும் வேண்டாம், மயக்க மருந்தும் வேண்டாம், வெளிநோயாளியாக வந்துபோகலாம்.

நீளும் தூரத்துக்கு ஒரு எல்லை உண்டு. அது தீர்ந்தால் மறுபடி அறுவை சிகிச்சைதான், அப்போது எலும்பில் பிடித்துவிட்ட தண்டைத் தொடாமல் நடுப்பகுதியை மட்டும் கழற்றி மாற்ற முடியுமா என்பதை முதல் நாளே யோசித்து இணைப்பை வைக்க வேண்டும். பலமாகப் பிடித்த தண்டைப் பிடுங்கினால் எலும்பும் சேர்ந்துதான் போகும். புற்றுநோய் வந்த குழந்தைக்கு எம்ஆர்ஐ ஸ்கேன் தேவைப்படலாம் என்பதும், உள்ளே காந்தம் இருந்தால் அந்த ஸ்கேனை எடுப்பதே சிக்கலாகிவிடும் என்பதும் வடிவமைப்பாளரின் மேசையில் இன்னும் தீராத பிரச்சினை.