வயலட் வாண்ட்: ஊதாக்கோலா, பொறிக்கோலா?

கைப்பிடிக்குள் உயர் அதிர்வெண் மின்சுருள். அதன் முனையில் காற்று பெரும்பகுதி நீக்கப்பட்ட ஒரு கண்ணாடிக் குழல். சுவிட்சைப் போட்டால் குழல் ஊதா நிறத்தில் ஒளிரும். தோலைத் தொட்டும் தொடாமலும் பிடித்தால் இடைவெளியில் பொறிகள் சடசடவென்று தெறிக்கும். ஓசோன் நெடி மூக்கில் ஏறும். இதுதான் வயலட் வாண்ட்; இதைத் தமிழில் எப்படி அழைப்பது என்பதே கேள்வி. மேலை நாடுகளில் வயதுவந்தோர் பரஸ்பர ஒப்புதலோடு ஈடுபடும் புலனின்ப விளையாட்டுகளில் இது ஒரு கருவி. அதே வட்டாரத்தில் தோலின் மேல் ஆல்கஹாலைக் கொளுத்தி நொடியில் அணைக்கும் நெருப்பு விளையாட்டும் உண்டு. சிலர் அந்த ஆல்கஹாலைப் பற்றவைக்க இந்தக் கருவியின் பொறியையே பயன்படுத்துகிறார்கள். இரண்டும் சேரும் இடத்தில்தான் ஆபத்து.

பிறப்பால் இது மருத்துவக் கருவி. நிக்கோலா தெஸ்லா 1891இல் தம் சுருளை உருவாக்கினார். அதே காலத்தில் பிரான்சில் தார்சொன்வால் என்ற உடலியலாளர், மின்னோட்டத்தின் அதிர்வெண் மிக உயர்ந்தால் தசை துடிப்பதில்லை என்று காட்டினார். சாதாரண மின்கம்பிபோல் இது ஆளை உதறித் தள்ளாததற்குக் காரணம் அதுதான். பிறகு அமெரிக்காவில் ‘வயலட் ரே’ என்ற பெயரில் வீட்டுக்கு வீடு விற்றார்கள். தலைவலி, வாதம், முடியுதிர்வு என்று அது தீர்க்காத நோயே இல்லை என்பது விளம்பரம்! அந்தப் போலி வைத்தியம் இருபதாம் நூற்றாண்டின் நடுவில் ஓய்ந்தது. கருவி மட்டும் வேறு கைகளுக்குப் போனது. நம்மூர் அழகு நிலையங்களில் முகப்பருவுக்கென்று காளான் வடிவக் கண்ணாடி முனையை முகத்தில் உருட்டுகிறார்களே, அதுவும் இந்தக் குடும்பம்தான்.

இனி பெயருக்கு வருவோம். ‘வாண்ட்’ ஸ்காண்டிநேவியாவின் பழைய நார்ஸ் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல். வளையும் மெல்லிய குச்சி என்பது முதற்பொருள். ‘வயலட்’ பூவின் பெயர், பிறகு நிறத்தின் பெயர். ஆக ‘ஊதாக்கோல்’ என்பது சொல்லுக்குச் சொல் சரி. ஆனாலும் எனக்கு அது பிடிக்கவில்லை. நிறம் குழலுக்குள் இருக்கும் வாயுவைப் பொறுத்தது. நியான் அடைத்த குழல் செம்மஞ்சளாக ஒளிரும். அதை ஊதாக்கோல் என்பதா? மேலும், புறஊதாக் கதிரோடு குழப்பிக்கொள்ளவும் வழி செய்கிறது. ‘மின்கோல்’ என்றால் மாட்டை விரட்டும் கருவியா என்று கேட்பார்கள்.

‘பொறிக்கோல்’ என்பதே என் தேர்வு. தீயின் துளியும் பொறி, இயந்திரமும் பொறி, மெய் முதலான ஐம்புலன்களின் உறுப்பும் பொறி. மூன்றுமே இங்கே பொருந்துகின்றன. எலி விழும் பொறியையும் சேர்த்துக்கொண்டால் தவறில்லை. முக்கியமாக, கையில் இருப்பது விளக்கல்ல, தீப்பற்றவைக்கும் பொருள் என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது.

ஆல்கஹால் ஆவியைப் பற்றவைக்க ஒரு மில்லிஜூலுக்கும் குறைந்த ஆற்றல் போதும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் சுமார் 12 டிகிரி செல்சியசிலேயே பற்றக்கூடிய ஆவியை விடும். சென்னையில் மார்கழி விடியலிலும் அவ்வளவு குளிர் கிடையாது. அந்த ஆவி காற்றைவிடக் கனமானது, மெத்தையோடு மெத்தையாகப் படர்ந்து கிடக்கும். அறுவை அரங்குகளிலேயே இந்த விபத்து நடந்திருக்கிறது: ஆல்கஹால் கலந்த கிருமிநீக்கி உலருமுன் மின்கத்தியை வைத்தால் தீப்பிடிக்கும். அத்தகைய கிருமிநீக்கிகளில் சிலவற்றின் உறையில், வெறுந்தோலுக்குக் குறைந்தது 3 நிமிடம், முடியுள்ள இடத்துக்கு ஒரு மணி நேரம் வரை உலரவிட வேண்டும் என்று அச்சிட்டிருக்கிறார்கள். சானிடைசர், வாசனைத் தெளிப்பான், தலைமுடி ஸ்பிரே எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். ஆல்கஹால் சுடர் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது என்பதால் நெருப்பு விளையாட்டில் அறை விளக்கைத் தணித்து வைப்பார்கள். அணைக்கும் ஈரத் துண்டு, ஆல்கஹாலைத் தொடாத மூன்றாவது ஒருவர் கையில் இருக்கும். நைலான், பாலியெஸ்டர் துணி உருகித் தோலில் ஒட்டும்; பருத்திதான் வேண்டும். முகமும் தலைமுடியும் இருக்கும் பக்கமே போகக் கூடாது. குடித்தவர் கையில் கொடுக்கவே கூடாது.

பொறியின் தொல்லை தனி. ஒரே இடத்தில் நிறுத்திப் பிடித்தால் ஊசிமுனை அளவில் தோல் கருகும். கண்ணருகே ஆகாது. இதயமுடுக்கி பொருத்தியவர், வலிப்பு நோய் உள்ளவர், கருவுற்றவர் ஆகியோருக்கு அறவே கூடாது. மூக்குத்தி, தோடு போன்ற உலோகங்களைக் கழற்றிவிட வேண்டும். பழம்பொருள் கடையில் வாங்கிய கருவியின் மின்காப்பு உதிர்ந்திருந்தால் வீட்டு மின்சாரமே நேராகக் கைக்கு வரும். 110 வோல்ட்டுக்குச் செய்த அமெரிக்கக் கருவியை நம் 230 வோல்ட்டில் செருகுவதும் ஆபத்துதான். தீப்புண் பட்டால் ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் காட்டுவதே முதலுதவி. பனிக்கட்டி, பற்பசை, மாவு எதுவும் வேண்டாம்.

சொல்லாட்சி: ‘ஆல்கஹால் புட்டியை மூடி வேறு அறையில் வைத்த பிறகே பொறிக்கோலுக்கு மின் இணைப்புக் கொடுக்கவும்.’