தலைப்பாகைக்குச் சட்டம் ஒதுக்கிய இடம்

பிரிட்டனில் பணியிடத் தகராறுகளைக் கையாளும் வழக்கறிஞர் என்ற முறையில், நிர்வாகம் கொடுத்த கடிதத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வரும் சீக்கியத் தொழிலாளர்கள் பலரைச் சந்தித்திருக்கிறேன். கிடங்கு ஒன்றில் வேலை செய்யும் ஒருவர் கொண்டுவந்த கடிதத்தில், தலைக்கவசம் அணியாதவர் சரக்கு இறக்கும் பகுதிக்குள் நுழையக் கூடாது என்றும், தலைப்பாகைக்கான விலக்கு கட்டுமானத் தொழிலாளர்களுக்கு மட்டுமே உரியது என்றும் எழுதியிருந்தது.

ஒரு காலத்தில் அது சரிதான். மோட்டார் சைக்கிள் ஓட்டுவோருக்கு 1973இல் தலைக்கவசம் கட்டாயமானபோது எழுந்த எதிர்ப்பின் பயனாக, தலைப்பாகை அணிந்த சீக்கியருக்கு 1976இல் தனிச்சட்டம் விலக்களித்தது. 1989ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் கட்டுமானத் தளங்களுக்கு நீட்டித்தது. கிடங்கும் தொழிற்சாலையும் உட்பட ஏறக்குறைய எல்லாப் பணியிடங்களுக்கும் அது பொருந்தியது 2015 அக்டோபரில்தான். அந்தக் கடிதத்தை எழுதியவர் அதை அறியவில்லை. தீயணைப்பு போன்ற அவசர சேவைகளிலும் இராணுவத்திலும் சில ஆபத்தான சூழல்களுக்கு மட்டும் இவ்விலக்கு இல்லை.

இங்கே அங்கீகாரம் இப்படித் துண்டு துண்டாகவே வந்திருக்கிறது. பர்மிங்காமில் தலைப்பாகை அணிந்த சிறுவனைத் தனியார் பள்ளி ஒன்று சேர்க்க மறுத்த மண்ட்லா வழக்கில், சீக்கியர் ஓர் இனக்குழு என்று, அன்று நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை 1983இல் தீர்ப்பளித்தது. அன்றைய இனப் பாகுபாட்டுச் சட்டத்தில் மதத்துக்கு இடமில்லாததால், மத அடையாளம் ஒன்றை இனம் என்ற வாசல் வழியாகவே காப்பாற்ற வேண்டியிருந்தது. அதே வாசல் எல்லோருக்கும் திறக்கவில்லை. சடைமுடியை வெட்ட மறுத்ததால் ஓட்டுநர் வேலை கிடைக்காத ரஸ்தபாரியர் (ஜமைக்காவில் தோன்றிய ஒரு மதத்தைப் பின்பற்றுபவர்) ஒருவரின் வழக்கில், அவர்கள் இனக்குழு அல்லர் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 1993இல் கூறிவிட்டது. தீர்ப்பின் தர்க்கம் எனக்குப் புரிகிறது. அதன் நியாயம் இன்றுவரை புரியவில்லை.

வேலையிடத்தில் மதத்துக்கென்றே பாதுகாப்பு 2003இல்தான் வந்தது. இப்போது அது 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்துக்குள் இருக்கிறது. தாலியையோ திருநீற்றையோ முன்னிட்டு என்னிடம் வரும் தமிழ் இந்துக்களுக்கும் அதுவே துணை. ஆனால் அது தலைப்பாகைக்கு உள்ளதுபோல நேரடியான விலக்கு அன்று. தகுந்த காரணமும் அளவான நடவடிக்கையும் இருப்பதை நிறுவனம் நிரூபித்தால் தடை செல்லும்.

விலக்குக்கு விலையும் உண்டு. தலைக்கவசம் அணியாத சீக்கியர் தலையில் அடிபட்டால், அணிந்திருந்தாலும் ஏற்பட்டிருக்கக்கூடிய காயத்தின் அளவுக்கு மட்டுமே இழப்பீடு கோர முடியும். இந்தப் பகுதியை ஒவ்வொருவருக்கும் நிறுத்தி வாசித்துக் காட்டுவேன். அந்தக் கிடங்குத் தொழிலாளி தலைப்பாகையின் ஓர மடிப்பை விரலால் அழுத்திவிட்டு, தெரிந்துதான் கட்டுகிறேன் என்றார்.

எங்கள் பதில் போனதும் நிர்வாகம் இறங்கிவந்தது; ஆனால் "எந்த விபத்துக்கும் நட்டஈடு கோரமாட்டேன்" என்ற தாளில் கையெழுத்துக் கேட்டது. பலர் ஏமாறும் இடம் இதுதான். சட்டம் குறைத்தது தலைக்கவசம் தடுத்திருக்கக்கூடிய காயத்துக்கான இழப்பீட்டை மட்டுமே. அவர் கால்மேல் சரக்குப்பெட்டி விழுந்தால் நிறுவனத்தின் பொறுப்பு அப்படியே இருக்கும். கவனக்குறைவால் நேரும் உடற்காயத்துக்கான பொறுப்பை இப்படி எழுதி வாங்கித் தட்டிக்கழிக்கவும் 1977ஆம் ஆண்டுச் சட்டம் இடம்கொடுப்பதில்லை. அந்தத் தாளைக் கையெழுத்திடாமலே திருப்பி அனுப்பினோம்.