நாநுனியில் நிற்கும் எல்லை: இசோகோ மொழி சொல்லும் வரலாறு

நைஜர் ஆறு கினியா வளைகுடாவில் கலப்பதற்கு முன் எண்ணற்ற கிளைகளாகப் பிரிந்து பரவும் சதுப்பு நிலத்தின் வடமேற்குப் பகுதியில் இசோகோ மக்கள் வாழ்கிறார்கள். இன்றைய நைஜீரியாவின் டெல்டா மாநிலத்தில் இசோகோ வடக்கு, இசோகோ தெற்கு என்னும் இரண்டு உள்ளாட்சிப் பகுதிகள் இவர்களுடையவை. முதலாவதற்கு ஒசோரோவும் இரண்டாவதற்கு ஓலேயும் தலைமையிடங்கள். மரவள்ளி, எண்ணெய்ப்பனை, ஆற்று மீன் ஆகியவையே இவர்களுடைய பழைய வாழ்வாதாரங்கள். 1950களின் பிற்பகுதியில் உசெரே, ஒலோமோரோ ஆகிய ஊர்களைச் சுற்றிப் பெட்ரோலியம் கண்டெடுக்கப்பட்டது முதல், வெளியுலகம் இந்நிலத்தை எண்ணெய்க் கிணறுகளின் நிலமாகவே அறிந்திருக்கிறது. ஆனால் இந்நிலத்தில் கிடைக்கும் அறிவுச் செல்வங்களில் மிகவும் வியப்பூட்டுவது இங்கு பேசப்படும் மொழிதான் என்பது என் எண்ணம்.

ஆங்கிலேய ஆட்சியாளர்கள் இங்கு வந்தபோது இசோகோ மக்களையும் அவர்களுக்கு மேற்கே வாழும் உர்ஹோபோ மக்களையும் பிரித்துப் பார்க்கவில்லை. இருவரையும் சேர்த்துச் 'சோபோ' என்று பதிவேடுகளில் எழுதினார்கள். இந்தப் பெயரை இருவருமே விரும்பவில்லை. 1930களின் இறுதியில் 'உர்ஹோபோ' என்ற பெயர் அரசு ஆவணங்களில் ஏறிய பின்னும், இசோகோ என்பது தனி இனமா, உர்ஹோபோவின் ஒரு பிரிவா என்ற வழக்கு நெடுங்காலம் நீடித்தது. இத்தகைய வழக்குகளை அரசாணையால் தீர்த்துவிட முடியாது. ஆனால் மக்கள் பேசும்போது வாய்க்குள் என்ன நிகழ்கிறது என்பதைக் கவனித்தால், எந்த மொழி எதற்கு உறவு, அந்த உறவு எவ்வளவு நெருக்கமானது என்ற கேள்விக்கு ஓரளவு உறுதியான விடை கிடைக்கும்.

இசோகோ ஒலிகளில் அறிஞர்களை முதலில் ஈர்த்தது, அதிலுள்ள இரண்டு வகைத் தகர ஒலிகள். ஒன்றில் நாவின் தட்டையான முன்பகுதி மேற்பற்களின் பின்புறத்தில் பரவி ஒட்டுகிறது. மற்றொன்றில் நாவின் கூர்முனை மட்டும் பற்களுக்குச் சற்று மேலே உள்ள ஈறு மேட்டைத் தொடுகிறது. இரண்டுக்கும் இடையே உள்ள தொலைவு சில மில்லிமீட்டர்தான். ஆயினும் இசோகோவில் இந்த இடமாற்றம் சொல்லின் பொருளையே மாற்றிவிடும். குரல்நாண் அதிர ஒலிக்கும் தகர ஒலியிலும் (ஆங்கில d போன்றது) இதே இணை உண்டு. உலக மொழிகளில் பெரும்பாலானவை இவ்விரண்டில் ஒன்றை மட்டுமே வைத்திருக்கின்றன. இரண்டையும் வைத்துப் பொருள் வேறுபாடு காட்டும் மொழிகள் சிலவே.

தமிழறிந்தவர்களுக்கு இது அறிமுகமில்லாத செய்தி அன்று. தொல்காப்பியத்தின் பிறப்பியல் தகாரம் பிறக்கும் முறையை 'நாநுனி பரந்து மெய்யுற ஒற்ற' என்றும், றகாரம் பிறக்கும் முறையை 'அணரி நுனிநா அண்ணம் ஒற்ற' என்றும் வரையறுக்கிறது. பரந்த நாநுனி, அணர்ந்த நாநுனி என்னும் அதே எதிர்மைதான் இசோகோவிலும் செயல்படுகிறது. தமிழகத்தில் பெரும்பாலான இடங்களில் 'காற்று' என்னும் சொல்லின் பழைய றகர ஒலி மறைந்துவிட்டது. யாழ்ப்பாணத் தமிழிலும் மலையாளத்திலும் அது இன்றும் கேட்கிறது. அந்த ஒலியைக் கேட்டவர்களுக்கு இசோகோவின் இரண்டாவது தகர ஒலியை எளிதில் பிரித்தறிய முடியும். இவ்விரு மொழிக் குடும்பங்களுக்கும் இடையே எந்த உறவும் இல்லை. மனித வாயின் அமைப்பு ஒன்றாக இருப்பதால் ஒரே தீர்வை இரண்டு மொழிகள் தனித்தனியே அடைந்திருக்கின்றன.

இந்த வேறுபாட்டைக் காதால் மட்டும் உணர்ந்தால் போதாது, சான்றோடு நிறுவ வேண்டும். ஒலியியல் அறிஞர் பீட்டர் லாடிஃபோகட் 1960களின் தொடக்கத்தில் மேற்கு ஆப்பிரிக்க மொழிகள் பலவற்றை ஆராய்ந்தபோது கையாண்ட முறை எளிமையானது, ஆனால் மிகவும் நுட்பமானது. பேசுபவரின் வாய்க்குள் கரித்தூள் கலந்த பொடியைத் தூவுவார்கள். அவர் ஒரே ஒரு சொல்லைச் சொல்வார். நா எந்த இடத்தைத் தொட்டதோ அந்த இடத்தில் பொடி துடைக்கப்பட்டுவிடும். பின்னர் வாய்க்குள் சிறு கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்து, மேலண்ணத்தைப் படம் எடுப்பார்கள். பற்களின் பின்புறம் அகலமாகத் துடைக்கப்பட்டிருந்தால் முதல் வகை, ஈறு மேட்டில் குறுகிய பட்டையாகத் துடைக்கப்பட்டிருந்தால் இரண்டாம் வகை. மின்கருவிகள் வாய்க்குள் செல்லாத காலத்தில் இந்தக் கரும்பொடியே மொழியின் சாட்சியாக நின்றது. 1962இல் மைக்கேல் மாரியோகே என்னும் இசோகோ பேச்சாளருடன் லாடிஃபோகட் செய்த ஒலிப்பதிவு, கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்து ஆவணத் தொகுப்பில் இன்றும் பாதுகாக்கப்படுகிறது.

மேற்கு ஆப்பிரிக்காவில் பரவலாகக் கிடைக்கும் 'க்ப' (kp), 'க்³ப³' (gb) போன்ற இரட்டை அடைப்பொலிகளும் இசோகோவில் உண்டு. இவற்றைக் ககரமும் பகரமும் அடுத்தடுத்து வரும் கூட்டாகப் படித்துவிடக் கூடாது. பின்நா மேலண்ணத்தை மூடும்போதே உதடுகளும் மூடிக்கொள்கின்றன, ஏறத்தாழ ஒரே நேரத்தில் இரண்டும் திறக்கின்றன.

மெய்யொலிகளைவிட உயிரொலிகளில்தான் இம்மொழியின் பழமை ஒளிந்திருக்கிறது. இசோகோவில் ஏழு உயிரொலிகள் உள்ளன. எகரமும் ஒகரமும் ஒவ்வொன்றும் இரு வகைப்படும். வாய் குறுகி ஒலிப்பது ஒன்று, வாய் விரிந்து ஒலிப்பது மற்றொன்று. எழுத்தில் விரிந்த ஒலியைக் காட்ட அடியில் ஒரு புள்ளி இடுகிறார்கள். ஒரு சொல்லுக்குள் குறுகிய எகர ஒகரங்களும் விரிந்த எகர ஒகரங்களும் விருப்பம்போல் கலந்து வருவதில்லை. 'அவர் சொன்னார்' என்பதற்கு 'ஒ தா' என்று விரிந்த ஒகரத்தோடு சொல்ல வேண்டும். 'அவர் செய்தார்' என்பதற்கு 'ஒ ரு' என்று குறுகிய ஒகரத்தோடு சொல்ல வேண்டும். 'அவர்' என்னும் பொருள் இரண்டிலும் ஒன்றே. பின்னால் வரும் வினைச்சொல்லே முன்னால் நிற்கும் உயிரின் வடிவத்தைத் தேர்ந்தெடுக்கிறது.

இதற்குக் காரணம் நாவின் அடிவேரில் இருக்கிறது. நாவடியை முன்னே தள்ளினால் தொண்டைக்குழி அகலமாகிறது. அப்போது உயிரொலிகள் ஒரு வகைச் சாயலைப் பெறுகின்றன, குறுகிய எகர ஒகரங்கள் இவ்வகை. நாவடியை இயல்பான இடத்திலோ சற்றுப் பின்னோ வைத்தால் வேறு சாயல் கிடைக்கிறது, விரிந்த எகர ஒகரங்கள் இவ்வகை. ஒரு சொல்லைத் தொடங்கும்போது நாவடி எந்த நிலையில் இருக்கிறதோ, அதே நிலையில் அச்சொல் முழுவதையும் சொல்லி முடிப்பதே உயிரொலி இயைபு. ஆப்பிரிக்க மொழிகள் பலவற்றில் இந்த இயைபு காணப்படுகிறது.

இசோகோவில் ஒரு புதிர் எஞ்சுகிறது. இகரம், உகரம், அகரம் ஆகிய மூன்றும் இரண்டு அணிகளிலும் வருகின்றன. அதாவது, கேட்பதற்கு ஒன்றாகவே இருக்கும் இகரம் சில சொற்களில் குறுகிய அணியோடும் வேறு சில சொற்களில் விரிந்த அணியோடும் சேர்கிறது. இன்றைய இசோகோவை மட்டும் பார்த்தால் இதற்கு விளக்கம் கிடைக்காது. நைஜர் கழிமுகத்தின் கிழக்கே பேசப்படும், இசோகோவுக்கு உறவான டெகமா மொழியில் பத்து உயிரொலிகள் உள்ளன. அங்கே இகரம் இரண்டு, உகரம் இரண்டு, அகரமும் இரண்டு. இசோகோவின் மூதாதை மொழியிலும் அவ்வாறே பத்து இருந்தன. காலப்போக்கில் மூன்று இணைகள் ஒலியளவில் ஒன்றாகிவிட்டாலும், அவற்றின் பழைய அணிப் பற்று மட்டும் நீங்கவில்லை. பேசுவோர் அறியாமலேயே, மறைந்துபோன ஓர் ஒலியின் விதியைத் தலைமுறை தலைமுறையாகக் கடைப்பிடித்து வருகிறார்கள்.

பெயர்ச்சொற்களிலும் இத்தகைய பழமை உண்டு. தமிழில் பன்மையைச் சொல்லின் இறுதியில் காட்டுகிறோம். இசோகோ அதைச் சொல்லின் முதலில் காட்டுகிறது. 'ஒமொ' என்றால் குழந்தை, 'எமொ' என்றால் குழந்தைகள். 'ஒபொ' கை, 'அபொ' கைகள். 'ஒஹ்வோ' மனிதர், 'அஹ்வோ' மக்கள். எந்த முதலுயிர் எந்தப் பன்மை உயிராக மாறும் என்பது சொல்லுக்குச் சொல் வேறுபடுகிறது. பண்டைய காலத்தில் பெயர்ச்சொற்கள் பல வகுப்புகளாகப் பிரிந்து, ஒவ்வொரு வகுப்புக்கும் தனித்தனி முன்னொட்டு இருந்ததன் எச்சமே இது.

இசோகோ சமூக அமைப்பின் மையச் சொற்களும் இந்த இலக்கணத்திலேயே இயங்குகின்றன. மூத்தவர் ஒருவர் 'ஒக்பாகோ', மூத்தோர் பலர் 'எக்பாகோ'. ஊர்த் தலைவர் அல்லது அரசர் 'ஓவியே', பலரானால் 'இவியே'. இசோகோ நிலம் முழுவதையும் ஆண்ட ஒற்றை அரசு ஒருபோதும் இருந்ததில்லை. ஒவ்வொரு குலமும் தன்னைத் தானே ஆண்டது. ஒசோரோ, உசெரே போன்ற இடங்களில் ஓவியே உண்டு. ஓலே போன்ற இடங்களில் வயதில் மூத்தவரே 'ஒடியோ ஒலோக்போ' என்ற பட்டத்தோடு தலைமை தாங்குகிறார். ஆண்கள் வயதுவாரியாகக் குழுக்களாகப் பிரிந்து, இளையோர் உடலுழைப்பையும் மூத்தோர் வழக்குத் தீர்ப்பையும் ஏற்பது பழைய ஒழுங்கு. இளையவர் மூத்தவரை முழந்தாளிட்டு வணங்குவது இன்றும் மாறாத வழக்கம். பிள்ளைகளுக்கு இடும் பெயர்களில் இறைவனைக் குறிக்கும் 'ஒகெனே' முதலுறுப்பாக நிற்கும். 'ஒகெனேகாரோ' என்ற பெயர் 'இறைவனே முதல்' என்ற முழு வாக்கியமாகும். இப்பெயர்களை உர்ஹோபோ மக்களும் சூட்டுகிறார்கள்.

மொழியியலாளர் பென் எலுக்பே இப்பகுதி மொழிகளை ஒப்பிட்டு, அவற்றின் பொது மூதாதையை மீட்டுருவாக்கினார். பெனின் நகரத்தின் ஏடோ மொழியின் பெயரால் இக்குடும்பம் ஏடோயிட் எனப்படுகிறது. அவர் அதை நான்கு கிளைகளாகப் பகுத்தார். ஏடோவும் எசானும் வட நடுக் கிளையைச் சேர்ந்தவை. இசோகோ, உர்ஹோபோ, ஒக்பே, உவ்வியே, எருவா ஆகிய ஐந்தும் தென்மேற்குக் கிளை. ஆகவே இசோகோவும் உர்ஹோபோவும் மிக நெருங்கிய உடன்பிறப்புகள் என்பது உண்மை. ஒன்று மற்றொன்றின் வட்டார வழக்கு என்பது உண்மையன்று.

இந்தக் கிளை வரைபடம் இசோகோ மக்களின் வாய்மொழி வரலாற்றோடு வைத்துப் பார்க்கும்போது ஒரு முரண்பாட்டை எழுப்புகிறது. இசோகோ குலங்களில் பெரும்பாலானவை தம் முன்னோர் இன்றைய நைஜீரியாவில் இருந்த பழைய பெனின் அரசின் நிலத்திலிருந்து வந்ததாகச் சொல்கின்றன. இக்பிடே போன்ற சில குலங்கள் கிழக்கே இக்போ நிலத்திலிருந்து வந்ததாகச் சொல்கின்றன. பெனினிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்த மொழிதான் இசோகோவாக மாறியது என்றால், அது ஏடோ இருக்கும் கிளையில் அல்லவா இருக்க வேண்டும்? இக்போவிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள் இக்போவின் சாயலையாவது பேச வேண்டாமா? ஆனால் இருவகைக் குலத்தினரும் பேசுவது தென்மேற்குக் கிளை மொழியையே. அக்கிளை ஏடோவிலிருந்து பிரிந்தது பெனின் அரசு தோன்றுவதற்கும் நெடுங்காலத்துக்கு முன் என்பதே மொழி வேறுபாட்டின் ஆழத்திலிருந்து பெறப்படும் முடிவு.

இதனால் வாய்மொழி வரலாறு பொய் என்று ஆகிவிடாது. இசோகோ இனத்திலேயே பிறந்த வரலாற்றாசிரியர் ஒபாரோ இகிமே இக்குலக் கதைகளை 1972இல் வெளிவந்த தம் ஆய்வில் மதிப்போடு தொகுத்திருக்கிறார். பெனினில் நேர்ந்த பதவிப் பூசல்களிலிருந்து விலகி வந்த சில குடும்பங்களும், கிழக்கிலிருந்து ஆறு கடந்து வந்த வேறு குடும்பங்களும், இங்கு ஏற்கெனவே வாழ்ந்தவர்களிடையே குடியேறின என்றால் இரண்டு சான்றுகளும் பொருந்திவிடுகின்றன. வந்தவர்கள் தலைமையையும் பட்டங்களையும் குலக் கதையையும் கொண்டுவந்திருக்கலாம். ஆனால் அவர்களுடைய பிள்ளைகள் தாய்வழியாகவும் அண்டை வீட்டார் வழியாகவும் அங்கு ஏற்கெனவே இருந்த மொழியையே கற்றுக்கொண்டார்கள். குலக் கதை தலைவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பதைச் சொல்கிறது. மொழி, பிள்ளைகளை வளர்த்தவர்கள் யார் என்பதைச் சொல்கிறது. இசோகோ என்னும் அடையாளம் ஒரே குருதி வழியில் வந்ததன்று, பல வழிகளில் வந்தவர்கள் ஒரே பேச்சில் இணைந்து உருவானது என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

இந்த இணைப்புக்குச் சில ஊர்கள் மற்றவற்றைவிட மிகுதியாகத் துணை செய்திருக்கின்றன. உசெரேயில் உள்ள ஏனி ஏரி பழங்காலத்தில் அஞ்சத்தக்க தெய்வ நீதிமன்றமாக விளங்கியது. சூனியக் குற்றம் சாட்டப்பட்டவரைப் படகில் ஏற்றி ஏரிக்குள் தள்ளுவார்கள். கரை சேர்ந்தால் குற்றமற்றவர், மூழ்கினால் குற்றவாளி என்பது தீர்ப்பு. இசோகோ குலங்கள் மட்டுமன்றி அண்டை இனத்தாரும் இங்கு வழக்குகளைக் கொண்டுவந்தார்கள். பல உயிர்களைப் பறித்த இவ்வழக்கத்தை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேய ஆட்சி ஒடுக்கியது. பின்னர் கிறித்தவ மறைப்பணியாளர்கள் வேதநூலை மொழிபெயர்க்கத் தொடங்கியபோது அவியாரா, உசெரே வட்டாரப் பேச்சையே எழுத்து வழக்காகக் கொண்டார்கள். ஊருக்கு ஊர் மாறுபடும் பல பேச்சு வழக்குகளுக்கு நடுவே பொது எழுத்து நடை ஒன்று உருவானது இவ்வாறுதான்.

அந்த எழுத்து நடையில் விடுபட்ட ஒன்று சுருதி. இசோகோ சுருதி மொழி. ஒவ்வோர் அசையும் உயர்ந்தோ தாழ்ந்தோ ஒலிக்க வேண்டும். உயர்ந்த அசைகளுக்கு இடையே ஒரு தாழ்ந்த அசை வந்துவிட்டால், அதன் பின்வரும் உயர்ந்த அசை முன்னதைவிட ஒரு படி கீழே இறங்கியே ஒலிக்கும். இவ்வாறு வாக்கியம் படிப்படியாக இறங்கிச் செல்லும். சில வேளைகளில் தாழ்ந்த அசையின் உயிர் பேச்சு விரைவில் மறைந்துவிட, அது உண்டாக்கிய இறக்கம் மட்டும் எஞ்சி நிற்கும். உயிரொலிகளில் கண்ட அதே போக்கு இங்கும் தொடர்கிறது. ஒலி மறைகிறது, அதன் விளைவு நிலைக்கிறது. பொது எழுத்து வழக்கில் சுருதி குறிக்கப்படுவதில்லை என்பதால், சிறு வயதில் காதால் கேட்டுக் கற்காத ஒருவர் அச்சிட்ட இசோகோவைப் பிழையின்றி வாசிப்பது கடினம். வாரி, சாபெலே போன்ற நகரங்களில் ஆங்கிலத்தை அடியாகக் கொண்ட கலப்பு மொழியான நைஜீரியப் பிட்ஜின் பிள்ளைகளின் முதல் மொழியாகவே வளர்ந்துவருகிறது. நகரத்தில் குடியேறும் இசோகோ குடும்பங்களுக்கு இது உண்மையான கவலை.

இசோகோவுக்கு நேரும் இந்த நெருக்கடியை இசோகோவே இன்னொரு மொழிக்குத் தந்துகொண்டிருக்கிறது. இசோகோ தெற்கில் எரோவா மக்கள் பேசும் எருவா, வெளியாருக்கு இசோகோவின் ஒரு வழக்கு போலத் தோன்றினாலும், இசோகோ பேசுபவருக்கு எளிதில் விளங்காத தனி மொழி. சந்தையிலும் தேவாலயத்திலும் பள்ளியிலும் இசோகோவின் நடு வட்டார வழக்கே வழங்குவதால் எருவா வீடுகளுக்குள்ளும் சுருங்கிவருகிறது. தென்மேற்குக் கிளையின் ஐந்து மொழிகளில் எருவா ஒன்று. மூதாதை மொழியின் எந்தெந்த ஒலிகள் எங்கெங்கே தங்கின என்று அறிவதற்கு உறவு மொழிகளின் ஒப்பீடு எவ்வளவு இன்றியமையாதது என்பதை டெகமாவின் பத்து உயிர்கள் காட்டின. எருவா பேசும் முதியவர்களின் சொற்களைச் சுருதியோடும் வாய் அசைவோடும் இப்போதே ஒலிப்பதிவு செய்துவைத்தால், இசோகோவில் இன்னும் விளங்காத சில விதிகளுக்கு அங்கிருந்து விடை கிடைக்கக்கூடும்.