அப்டேட் ஏறவில்லையா? ஃபார்மேட் போடுமுன் எண்ணைப் பாருங்கள்

"விண்டோஸ் அப்டேட் ஏற மாட்டேங்குது, ஃபார்மேட் போட்டுக் குடுங்க." சர்வீஸுக்கு வரும் லேப்டாப்களில் பாதிக்கு இந்த வார்த்தைதான் கூடவே வருகிறது. பிழை எண் என்னவென்று கேட்டால் பதில் இல்லை. செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட், அதற்குள் அப்டேட் ஹிஸ்டரி. ஏறாத அப்டேட்டின் கீழேயே எண் இருக்கும். அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஃபார்மேட் எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்ற நம்பிக்கை தவறு. 2024 ஜனவரியில் விண்டோஸ் 10க்கு வந்த கேபி5034441 என்ற அப்டேட் பலருக்கும் 80070643 என்ற எண்ணோடு நின்றது. காரணம், விண்டோஸ் கெட்டால் மீட்பதற்கான கருவிகள் இருக்கும் தனிப் பகுதியான ரெக்கவரி பார்ட்டிஷனில் அதற்கு 250 எம்பி காலி இடம் தேவைப்பட்டது. அங்கே அது இல்லை. இடப் பற்றாக்குறை என்று சொல்லாமல் பொதுவான எண்ணைக் காட்டியதால்தான் இத்தனை குழப்பம். சி டிரைவை மட்டும் துடைத்து விண்டோஸை மறுபடி போட்டால் ரெக்கவரி பார்ட்டிஷன் பழைய அளவிலேயே கிடக்கும், அதே எண் மறுபடி வரும். குழந்தைகளின் போட்டோ போனதுதான் மிச்சம். சி டிரைவைச் சுருக்கி அந்தப் பார்ட்டிஷனைப் பெரிதாக்குவதே வழி. டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் ஆன் ஆகியிருந்தால், அதைத் திறக்கும் 48 இலக்க ரெக்கவரி கீயைக் குறித்துக்கொள்ளாமல் பார்ட்டிஷனில் கை வைக்காதீர்கள்.

80070070 என்றால் சி டிரைவில் இடமில்லை. பெரிய அப்டேட்டுக்கு 20 ஜிபியாவது காலியாக வையுங்கள். இடத்தைக் காலி செய்ய செட்டிங்ஸின் ஸ்டோரேஜில் திறக்கும் டெம்பரரி ஃபைல்ஸ் பட்டியலில் டவுன்லோட்ஸ் ஃபோல்டரும் நிற்கும். பார்க்காமல் டிக் அடித்தால் அதில் இருப்பது ரீசைக்கிள் பின்னுக்குக்கூடப் போகாமல் அழியும். விண்டோஸின் சிஸ்டம் ஃபைல்களைச் சேமித்து வைக்கும் வின்எஸ்எக்ஸ்எஸ் (WinSxS) ஃபோல்டரைக் கையால் அழிக்கவே அழிக்காதீர்கள்.

டவுன்லோட் பாதியில் கெட்டிருந்தால், சர்வீசஸில் விண்டோஸ் அப்டேட், பின்னணியில் டவுன்லோட் செய்யும் பிட்ஸ் (Background Intelligent Transfer Service) இரண்டையும் நிறுத்துங்கள். விண்டோஸ் ஃபோல்டருக்குள் அப்டேட்டுகள் இறங்கும் சாஃப்ட்வேர்டிஸ்ட்ரிபியூஷன் (SoftwareDistribution) ஃபோல்டரின் பெயரை மாற்றி, கணினியை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஹிஸ்டரி பட்டியல் காலியாகத் தெரியும், பயப்பட வேண்டாம். ஏற்கெனவே ஏறியவை எங்கும் போகாது.

சிஸ்டம் ஃபைல் கெட்டிருந்தால் அட்மினிஸ்ட்ரேட்டராகக் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து முதலில் டிஸ்ம் ரெஸ்டோர்ஹெல்த் (DISM /Online /Cleanup-Image /RestoreHealth), அப்புறம்தான் எஸ்எஃப்சி ஸ்கேன்நவ் (sfc /scannow) கட்டளை. எஸ்எஃப்சி நல்ல பிரதியை எடுக்கும் சேமிப்பையே டிஸ்ம் சரிசெய்கிறது. அந்தச் சேமிப்பே கெட்டிருந்தால், வரிசை மாறினால் பலனில்லை. டிஸ்ம் 62.3 சதவீதத்தில் வெகுநேரம் நின்றாலும் விண்டோவை மூடாதீர்கள்.

பழைய டெஸ்க்டாப்பில் கடிகாரத்தையும் பாருங்கள். மதர்போர்டின் சிஆர்2032 பேட்டரி தீர்ந்து தேதி பல வருடம் பின்னுக்குப் போனால் சர்வரோடு பாதுகாப்பான இணைப்பே கிடைக்காது. நாணயம் அளவு பேட்டரி, மாற்ற ஐந்து நிமிடம்.

அலுத்துப்போய் அப்டேட் சர்வீஸையே டிசேபிள் செய்பவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். 2017 மே மாதம் ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்ட வானாக்ரை வைரஸ் பரவியபோது, அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச்சிலேயே வந்துவிட்டிருந்தது. அணைத்து வைத்திருந்தால் இன்றே மறுபடி ஆன் செய்துவிடுங்கள்.