ஒரு தோல், மூன்று ஒலி: ஜெம்பேயில் கை செய்யும் வேலை

ஜெம்பே என்ற மேற்கு ஆப்பிரிக்கப் பறையில் முதல்முறை கை வைக்கிறவர்கள் பெரும்பாலும் ஓங்கித்தான் அடிப்பார்கள். உள்ளங்கை சிவந்துவிடும், ஒலியோ மொத்தையாக வரும். பலம் போதாததால் அல்ல, விழுந்த கை உடனே எழாததால் வரும் கோளாறு இது. தோலின் மேல் தங்கும் கை, தான் எழுப்பிய அதிர்வைத் தானே அமுக்கிவிடுகிறது. சூடான தோசைக்கல்லில் கை பட்டால் எப்படித் துள்ளுமோ, அப்படி எழ வேண்டும்.

மாலி, கினி நாடுகளின் மாண்டே மக்களுடைய பறை இது. ஒரே மரத்தைக் குடைந்த உடல்: மேலே கிண்ணம், கீழே குழாய். வாயில் ஆட்டுத்தோல், கயிற்றால் இறுக்கிக் கட்டியது. அந்த ஒரு தோலில் பாஸ், டோன், ஸ்லாப் என மூன்று ஒலிகள்.

பாஸுக்கு உள்ளங்கை முழுதும் தோலின் நடுப்பகுதியில் விழ வேண்டும். தோல் மொத்தமாக அமுங்கி எழும்போது கிண்ணத்துக் காற்றும் சுருங்கி விரிகிறது, குழாயில் உள்ள காற்று மேலும் கீழுமாக ஆடுகிறது. காலி பாட்டிலின் வாயில் ஊதினால் 'பூம்' என்று வருமே, அதே இயக்கம்தான். அதனால்தான் ஜெம்பேயைச் சற்றே சாய்த்துப் பிடிக்கிறார்கள். தரையில் நேராக வைத்தால் கீழ்வாய் அடைபட்டு பாஸ் செத்துவிடும்.

டோனும் ஸ்லாப்பும் விளிம்பருகே பிறப்பவை. கற்பவர்களை அதிகம் திணறடிப்பது இந்த இரண்டையும் பிரிப்பதுதான். வட்டத் தோல் ஒரே நேரத்தில் பல விதமாக அதிரும். அடிப்படை அதிர்வெண்ணை 1 என்று வைத்தால் அடுத்த மேல் அதிர்வுகள் ஏறக்குறைய 1.59, 2.14 எனப் போகும், முழு எண்களாக அமையாது. (மிருதங்கத்தின் நடுவே உள்ள கரும்பசை இவற்றை முழு எண்களுக்கு அருகே கொண்டுவருவதை 1920-இல் சி.வி. ராமன் விளக்கினார். ஜெம்பேயில் அந்தப் பசை இல்லை.) டோனில் விரல்கள் சேர்ந்து தட்டையாக விழுகின்றன. தோலில் அதிக இடத்தைத் தொடுவதால் நுண்ணிய மேல் அதிர்வுகள் அடங்கி, உருண்டையான ஒலி மிஞ்சுகிறது. ஸ்லாப்பில் விரல்கள் தளர்ந்து லேசாக விரிந்திருக்கும், நுனிகள் சாட்டை போலச் சொடுக்கும். தொடும் இடமும் நேரமும் குறைவு, அதனால் மேல் அதிர்வுகள் தப்பித்துக் கூர்மையாக ஒலிக்கின்றன. விரலை விறைத்துக்கொண்டால் ஸ்லாப் ஒருபோதும் வராது.

நைஜீரியாவில் பிறந்து அமெரிக்காவில் புகழ்பெற்ற பறைக் கலைஞர் பாபாதுண்டே ஓலாதுன்ஜி இவற்றைச் சொற்களாகவே சொல்லிக் கொடுத்தார்: பாஸுக்கு குன், டுன், டோனுக்கு கோ, டோ, ஸ்லாப்புக்கு பா, டா. ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு சொல் வலக்கைக்கு, மற்றது இடக்கைக்கு. நம் சொற்கட்டுகளை அறிந்தவர்களுக்கு இது உடனே பிடிபடும், அழகான முறையும்கூட.

சரி, எதில் தொடங்குவது? வாயால் 'கோ-டோ-பா-டா' சொல்லிக்கொண்டே மெதுவாக அடியுங்கள். பக்கத்து அறையில் ஒருவரை உட்கார வையுங்கள். எது கோ, எது பா என்று அவர் பார்க்காமலே சொல்லும்வரை வேகத்தைக் கூட்ட வேண்டாம்.