கால்பேக்: மீளழைப்பு

'வந்ததும் கூப்பிடச் சொல்லுங்கள்' என்று தொலைபேசி எண்ணைக் கொடுத்துவைக்கிறோமே, அந்த மறு அழைப்புக்கு ஆங்கிலத்தில் கால்பேக் என்று பெயர். நிரலாக்கத்திலும் அதே சொல்தான். எண்ணுக்குப் பதில் ஒரு செயற்கூறின் (ஃபங்ஷன்) நினைவக முகவரியை நிரலகத்திடம் (லைப்ரரி) கொடுக்கிறோம். வேண்டியபோது அது நம் செயற்கூறை அழைக்கிறது.

தமிழில் 'பின்னழைப்பு' எனலாம்தான். ஆனால் 'பின்' என்றதும் 'பிறகு' என்ற பொருள் முந்திக்கொள்ளும். சி மொழியில் வரிசைப்படுத்தும் வேலையைச் செய்யும் கியூசார்ட் (qsort), நான்காவது அளபுருவாக (பராமீட்டர்) வாங்கும் ஒப்பீட்டுச் செயற்கூறைத் தன் வேலை முடிவதற்குள்ளேயே பலமுறை அழைத்துவிடுகிறது. ஆக, இங்கே முக்கியம் காலமல்ல, திசை: அழைக்கப்பட்டவர் அழைத்தவர் பக்கம் திரும்பி அழைப்பது. அதனால் 'மீளழைப்பு' பொருந்தும். தன்னையே அழைத்துக்கொள்ளும் தற்சுழற்சி வேறு. ஈவென்ட் நோட்டிஃபிகேஷன் என்பது 'நிகழ்வு அறிவிப்பு'. ஒரே நிகழ்வுக்குப் பலர் தத்தம் மீளழைப்பைப் பதிந்துவைக்கும் ஏற்பாடு அது.

ஒரே மொழிக்குள் இதில் சிக்கல் குறைவு. பைத்தான் செயற்கூறை சி நிரலகத்திடம் கொடுக்கும்போதுதான் வினை. சி-க்குப் பைத்தான் பொருள் புரியாது. வெறும் முகவரிதான் வேண்டும். 2006-இல் பைத்தான் 2.5-உடன் வந்த, சி நிரலகங்களை அழைக்க உதவும் சிடைப்ஸ் (ctypes), சிஃபங்க்டைப் (CFUNCTYPE) என்ற உறையால் அந்த முகவரியை உண்டாக்கித் தருகிறது. பலர் வழுக்குவது இங்கேதான். உறையை எந்த மாறியிலும் வைக்காமல் பதிவுசெய்யும் அழைப்புக்குள்ளேயே உருவாக்கிக் கொடுத்தால், அந்த அழைப்பு முடிந்ததும் அதைப் பிடித்திருக்க ஆளில்லை, பைத்தான் அழித்துவிடும். சி-யிடம் செத்த முகவரி மிஞ்சும். அந்த நினைவிடத்தில் வேறெதுவும் எழுதப்படாத வரை சோதனையில் எல்லாம் ஒழுங்காக ஓடும். பிறகொரு நாள் நிரல் சுருண்டு விழும். மூலச் செயற்கூறைப் பிடித்துவைத்தால் போதாது, உறையையே பிடித்துவைக்க வேண்டும்.

அழைப்பு மரபும், அதாவது அளபுருக்களை எப்படிக் கொடுப்பது, அவை இருந்த அடுக்கை (ஸ்டாக்) யார் துடைப்பது என்ற ஒப்பந்தமும், ஒத்துப்போக வேண்டும். 32-பிட் விண்டோஸில் சிடெக்ல் மரபில் அழைத்தவர் அடுக்கைத் துடைப்பார், எஸ்டிடிகால் மரபில் அழைக்கப்பட்டவர். எஸ்டிடிகாலைப் பின்பற்றும் விண்டோஸ் ஏபிஐ மீளழைப்புகளுக்கு, அந்த மரபுக்கான உறையான வின்ஃபங்க்டைப் (WINFUNCTYPE) தேவைப்படுவது இதனால்தான். மாறினால் அடுக்கு குலையும். 64-பிட்டில் இந்த வேறுபாடு இல்லாததால் பிழை ஒளிந்துகொள்ளும்.

விதிவிலக்குகள் (எக்செப்ஷன்) மொழி எல்லையைத் தாண்டா. சிடைப்ஸ் மீளழைப்புக்குள் எழும் விதிவிலக்கு திரையில் அச்சாவதோடு சரி. சி-க்குத் தகவலும் போகாது, நம்பத்தக்க திருப்பு மதிப்பும் போகாது. உள்ளேயே பிடித்துப் பிழை எண்ணாக மாற்றித் தருவதே வழி.

ஜாவாவில் தொல்லை இழைகளால் (த்ரெட்) வரும். ஜாவாவையும் சி++-ஐயும் இணைக்கும் ஜேஎன்ஐ இடைமுகத்தின் ஜேஎன்ஐஎன்வி (JNIEnv) சுட்டு அதற்குரிய இழையில் மட்டுமே செல்லும். சி++ நிரலகம் தானே தொடங்கிய இழையிலிருந்து அழைப்பதானால், எல்லா இழைகளுக்கும் பொதுவான ஜாவாவிஎம் (JavaVM) சுட்டைச் சேமித்துவைத்து, அட்டாச்கரன்ட்த்ரெட் வழியாக இழையை இணைத்தபின் அழைக்க வேண்டும். மீளழைப்பைப் பெறும் ஜாவா பொருளுக்கு நியூகுளோபல்ரெஃப் மூலம் உலகளாவிய குறிப்பு எடுப்பது கட்டாயம். உள்ளூர்க் குறிப்பு, அதைப் பெற்ற நேட்டிவ் (சி++) செயற்கூறு திரும்பியதுமே காலாவதி. இழை முடியுமுன் இணைப்பைக் கழற்றாவிட்டால், ஆண்ட்ராய்டு அந்தச் செயலியையே நிறுத்திவிடும்.

பதிவை நீக்குவதற்கும் வரிசை உண்டு. முதலில் நிரலகத்திடம் பதிவை நீக்கச் சொல்லுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் மீளழைப்பு முடியும்வரை காத்திருங்கள். அதன்பிறகே உறையையோ குறிப்பையோ விடுவியுங்கள். நடுப்படியைத் தவிர்த்தால், பாதியில் இருக்கும் அழைப்பு விடுவிக்கப்பட்ட பொருளைத் தொட்டுவிடும்.